குளத்துக் கணக்கில் வாவிக்கும் ஒரு வரி: ஆற்று நீரைப் பங்கிடப் புதிதாக வருவோருக்கு

நான் எழுதிய முதலாவது நீர்த்திட்ட அறிக்கையில், 'ஆண்டுதோறும் பெருமளவு நீர் வீணே கடலில் கலக்கிறது' என்று ஒரு வசனம் இருந்தது. எல்லா அறிக்கைகளிலும் இருக்கிற வசனம்தான். வாவிக்கரைக் கிராமமொன்றில் அதை வாசித்துக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த வயதான மீனவர் ஒருவர் எழும்பினார். "மனே, கடலுக்குப் போற தண்ணி வீண் எண்டா, நாங்க பிடிக்கிற இறால் எங்கால வருகுது?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வசனத்தை அன்றிரவே வெட்டினேன். அது இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கண்டுபிடிக்கத்தான் சில வருடங்கள் போயின.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நீர் திட்டமிடல் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரதேச செயலகத்துத் திட்டமிடல் கிளையில் இருப்பவர், கமக்காரர் அமைப்பின் செயலாளர், பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யும் பிள்ளை என்று யாருக்கும் பொருந்தும். ஒரு குளத்தையும் அதன் கீழுள்ள ஆற்றையும் எடுத்துக்கொண்டு, குடிக்கவும் வயலுக்கும் எவ்வளவு எடுக்கலாம், ஆற்றுக்கு எவ்வளவு விடவேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் வேலை.

எல்லையை ஆறுதான் கீறவேண்டும்

பிரதேச செயலகப் பிரிவின் வரைபடத்தை ஒரு பக்கம் வையுங்கள். மழை எங்கே விழுந்தால் உங்கள் ஆற்றுக்கு வருமோ, அந்த நிலம் முழுவதும்தான் உங்கள் எல்லை. மகா ஓயா, றம்புக்கன் ஓயா என்று அம்பாறைப் பக்கத்து மேட்டு நிலங்களில் சிங்களப் பெயர்களோடு ஓடுவதுதான் கீழே வந்து முந்தனை ஆறு ஆகிறது. கல்லோயாவைப் பழைய ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். அது பதுளைப் பக்கத்து மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு, மிஞ்சியது கீழே வருகிறது. மேலே ஒரு அணை கட்டினால் கீழே உங்கள் கணக்கு மாறும். அந்த அணை வேறு மாவட்டத்தில் இருக்கும். அதற்கான கூட்டத்துக்கு உங்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கீழ் எல்லை இன்னும் முக்கியம். பெரும்பாலான திட்டங்கள் கடைசி வயலோடு நின்றுவிடும். நீங்கள் முகத்துவாரம் வரை போகவேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கதைக்கிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் மேலதிக நீரும் வயல் வடிச்சலும் கடைசியில் சேருவது அங்கேதான். சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவு திறந்தால் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறுவது கல்முனை, நாவிதன்வெளி ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல்லோயாவின் இன்னொரு பங்கு களியோடை வழியாக ஒலுவில் பக்கம் கடலைப் பார்க்கிறது.

இரண்டு தரம் நடந்து பாருங்கள்

ஒன்று மாசியில், வெள்ளம் வடிந்த கையோடு. மற்றது ஆவணி புரட்டாசியில், ஆறு மணலாகக் கிடக்கும்போது. ஒரு தரம் மட்டும் போனால் பாதி ஆற்றைத்தான் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி தை, மாசி வரை வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடும். மிச்ச மாதங்கள் சேமிப்பில் ஓடுபவை.

நடக்கும்போது மூன்று பேரோடாவது கதையுங்கள்: வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் வட்டவிதானை, வலை வீசுபவர், மாட்டுப் பட்டி மேய்ப்பவர். வட்டவிதானைக்கு எந்த மதகு எத்தனை நாள் திறந்திருந்தது என்பது மனப்பாடம். மீன்பிடிக்கிறவர் உப்பு எந்த மாதம் எந்த வளைவு வரை ஏறியது என்று கையை நீட்டிக் காட்டுவார். பட்டிக்காரருக்கு, ஆறு வற்றிய பிறகும் எந்த மடுவில் தண்ணீர் நிற்கும் என்பது தெரியும். அந்த மடுக்களை வரைபடத்தில் குறியுங்கள். விரால் முதலான நன்னீர் மீன்கள் கோடையைக் கழிப்பது அவற்றில்தான். அடுத்த மழைக்கு ஆறு முழுக்கப் பரவுவதும் அங்கிருந்துதான். கரையோரம் மருதமரங்கள் நிற்கிற இடங்களையும் குறித்து வையுங்கள். மருதை வெட்டிய கரை இரண்டு மூன்று வெள்ளத்தில் அரித்துப் போயிருப்பதை நீங்களே காண்பீர்கள்.

அளவுகளும் அலுவலகங்களும்

நீர்ப்பாசனத் திணைக்களம் ஏக்கர் அடியில் பேசும், குடிநீர்க்காரர் கன மீற்றரில் பேசுவார், வாய்க்காலில் நிற்பவர் கியூசெக்கில் பேசுவார். ஒரு ஏக்கர் அடி சுமார் 1,233 கன மீற்றர். ஒரு கியூசெக் என்றால் வினாடிக்கு 28 லீற்றர் சொச்சம். அதை 24 மணித்தியாலம் விட்டால் ஏறக்குறைய 2 ஏக்கர் அடி. இந்த இரண்டையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் கூட்டங்களில் தடுமாற வேண்டிவராது.

குளத்தின் தினசரி நீர்மட்டம், மதகு திறந்த நாட்கள், வான் பாய்ந்த நாட்கள் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். நடுத்தர, பெரிய குளங்களுக்கு மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். 80 ஹெக்டயருக்குக் குறைவாகப் பாசனம் தரும் சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். முதலில் நேரில் போய்க் கேளுங்கள், பெரும்பாலும் தந்துவிடுவார்கள். இழுத்தடித்தால் 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எனக்கு ஐந்து வருடப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். அதில் மூன்று வருடங்களுக்கு ஒரே எழுத்து, ஒரே பேனை, ஒரே மட்டம். யாரோ ஒரே இருப்பில் எழுதி முடித்திருக்கிறார்கள். ஆகவே பதிவேட்டை வட்டவிதானையின் ஞாபகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கணக்கில் ஏற்றுங்கள்.

ஆற்றில் அளவி இல்லாத இடத்தில் நீங்களே அளக்கலாம். நேரான, ஒரே அகலமான 20 மீற்றர் துண்டு ஒன்றைத் தெரிந்து, தோடம்பழம் ஒன்றை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 50 வினாடி எடுத்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீற்றர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் 0.34. ஆறு 6 மீற்றர் அகலம், சராசரி 0.4 மீற்றர் ஆழம் என்றால் குறுக்குப் பரப்பு 2.4 சதுர மீற்றர். இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு 0.8 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 29 கியூசெக். பொறியியலாளர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒரே இடத்தில் மாதம் இரண்டு தரம் அளந்து வந்தால் ஒரு வருடத்தில் உங்களிடம் இருப்பது அவரிடமும் இராது. பாலத்துத் தூணில் பெயின்றால் அடி அடியாகக் கோடு கீறி, அளக்கும் நாளில் மட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கீறுவதற்கு முன் பாலத்துக்குப் பொறுப்பானவரிடம் ஒரு வார்த்தை.

ஆற்றின் பங்கு என்றால் என்ன

இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது இந்த இடத்தில்தான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

இணையத்தில் தேடினால் முதலில் அகப்படுவது டெனன்ட் முறை. 1976 இல் அமெரிக்க மீனியலாளர் ஒருவர் வெளியிட்டது. ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 வீதம் விட்டால் மீன்கள் குறுகிய காலத்துக்கு உயிர் தப்பும், 30 வீதம் என்றால் ஓரளவு நல்ல வாழ்வு என்கிறது. கணக்குச் சுலபம், அதனால் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் அது மொன்டானா, வையோமிங் போன்ற இடங்களின் ஆறுகளைப் பார்த்து எழுதியது. நம் ஆறு ஆவணியில் தானாகவே வற்றுகிற ஆறு. மார்கழி வெள்ளத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அதில் 10 வீதத்தை ஆவணியில் விடு என்றால், இயற்கையே விடாத தண்ணீரை விடச் சொல்கிறோம். குளத்துக்காரர் அதை முதல் நாளே மறுப்பார், அவர் மறுப்பதில் நியாயமும் இருக்கிறது.

நம் ஆற்றுக்கு ஆண்டுத் தொகையை விட, எந்த மாதத்தில் எப்படி ஓடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். நான் பார்ப்பது நான்கு.

முதலாவது, ஐப்பசியில் வருகிற முதல் வெள்ளம். மீன்கள் மேலேறவும் முட்டையிடவும் அதுதான் அழைப்பு மணி. குளம் காலியாகக் கிடக்கும் நேரம் என்பதால் அதை முழுதாக மறித்துவிடத்தான் கை போகும். இரண்டு மூன்று நாளாவது ஒரு பங்கைக் கீழே விடுங்கள்.

இரண்டாவது, பெருவெள்ளம். கோடையில் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடும். அதை உடைத்து அடித்துக்கொண்டு போக வாவியில் உயரமும் வேகமும் வேண்டும். கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் வாவிக்குள் வந்து வளர்ந்து, பெருத்த பிறகு திரும்பக் கடலுக்குப் போகின்றன. வாசல் திறக்காத வருடம் அந்தப் போக்குவரத்துத் தடைப்படும். அந்த மீனவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தாழ்நில வயல் மூழ்குகிறது என்று விவசாயிகள் முகத்துவாரத்தை விரைவாக வெட்டச் சொல்வதும், பொறுங்கள் என்று மீனவர் சொல்வதும் ஒவ்வொரு மாரியும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கிற வழக்கு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மட்டம் போதுமான அளவு உயரமுன் வெட்டினால் தண்ணீர் மெல்ல வழிந்து போகும், வாசல் ஆழமாக அரிபடாது, விரைவில் திரும்ப மூடிக்கொள்ளும். ஆகவே எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதை ஐப்பசிக்கு முன்பே இரு தரப்பையும் இருத்தி எழுதிக்கொள்வது நல்லது. வெள்ளத்துக்குள் நின்று பேசினால் குரல் பெரியவர்தான் வெல்வார்.

மூன்றாவது, கோடையின் மெல்லிய ஓட்டம். இதன் வேலை உப்பை மேலே ஏறவிடாமல் பிடிப்பது, மடுக்களைச் சாகவிடாமல் வைத்திருப்பது. பெரிய அளவு தேவையில்லை. 5 கியூசெக்கை 100 நாள் விட்டால் 1,000 ஏக்கர் அடி. எங்கே உப்பு ஏறுகிறது என்று பார்க்க மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி ஒன்று போதும். பெரிய விலை இல்லை, சட்டைப் பையில் வைக்கலாம். இந்த வேலைக்கு வாங்கவேண்டிய ஒரே சாமான் அதுதான் என்பேன்.

நான்காவது, மதகை இழுத்து மூடும் விதம். திடீரென்று மூடினால் ஒரே இரவில் ஆறு ஒடுங்கி, மீன்கள் குட்டைகளில் அகப்பட்டுக் கொக்குக்கு விருந்தாகும். மூன்று நான்கு நாளில் படிப்படியாகக் குறைத்தால் ஒரு சதமும் செலவில்லை.

வரவு செலவு

சரி, இப்போது குளத்துக் கணக்கு. கற்பனைக் குளம் ஒன்றை எடுப்போம். பங்குனிக் கடைசியில் அதில் 30,000 ஏக்கர் அடி நிற்கிறது. துருசுக்கு, அதாவது மதகு வாய்க்கு, கீழே கிடந்து எடுக்க முடியாதது 2,000. ஆவியாதல் அடுத்தது: கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்றாலும் 150 நாளில் முக்கால் மீற்றர் போகிறது, சராசரி நீர்ப்பரப்பு 1,600 ஏக்கர் என்றால் சுமார் 4,000 ஏக்கர் அடி. ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு 120 லீற்றர் வீதம் ஏழு மாதக் குடிநீர் சுமார் 2,000. ஆற்றுக்கும் வாவிக்கும் 2,500. மழை பிந்தினால் சமாளிக்க 3,000. மிஞ்சுவது 16,500. சிறுபோகத்துக்கு ஏக்கருக்கு 4 அடி நீர் என்று வைத்தால் ஏறத்தாழ 4,100 ஏக்கர் விதைக்கலாம்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒரு லட்சம் பேர் ஏழு மாதம் குடித்துக் குளிக்கிற தண்ணீர், வெறும் 500 ஏக்கர் சிறுபோக வயலின் தண்ணீர். உன்னிச்சைத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குக் குழாயில் போவதையும், கொண்டவட்டுவானில் இருந்து அம்பாறைக் கரையோரத்துக்குப் போவதையும் பார்த்து 'எங்கட வயல் தண்ணியை ரவுண்காரர் குடிக்கிறார்கள்' என்று கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் உண்மையில் எங்கே போகிறது என்று பார்த்தால், வயலுக்குள் நடக்கிற ஒரு சிறு சிக்கனம் முழு நகரத்தின் பங்கை விடப் பெரிது.

மற்றது, ஆற்றுக்கு ஒதுக்கிய 2,500 என்பது 625 ஏக்கர். அந்த 625 ஏக்கர் யாரோ ஒருவருடைய வயல். 'எல்லோருக்கும் நன்மை' என்று எழுதி அதை மறைக்காதீர்கள். யாருடைய ஏக்கர் குறைகிறது, அவருக்கு மாற்று என்ன என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். குளத்தடி வயலை மட்டும் விதைத்து எல்லாரும் பங்கிடும் பெத்ம முறை, மேட்டில் உழுந்து, கௌபி, நிலக்கடலை, குறுகிய வயது நெல் என்று வழிகள் இருக்கின்றன.

முறைவைத்துப் பாய்ச்சுவதும் வழிதான். கல்லோயா இடதுகரையில் 1981 இல் நடந்ததை இங்கே நினைக்கலாம். சேனநாயக்க சமுத்திரம் கால்வாசியும் நிரம்பாத காலம். விவசாயிகளை வாய்க்கால் வாரியாகச் சிறு குழுக்களாகத் திரட்டும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாய்க்காலின் தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்ததை வாய்க்காலின் கடைசிக்கு விட்டார்கள். கடைசியில் இருந்தவர்களில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அது சின்ன விஷயமல்ல.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போட்டால் இத்தனை வீதம் மிச்சம் என்பார்கள். அந்தக் கசிவுதான் கீழே கிணறுகளை ஊறவைத்தது, வடிச்சலாக வாவிக்குப் போனது. அதை மிச்சம் என்று எழுதிப் புதிய ஏக்கருக்குக் கொடுத்தால் ஒரே தண்ணீரை இரண்டு பேருக்கு விற்ற கதைதான். வடிச்சல் எங்கே போகிறது என்று காலால் நடந்து பார்த்த பிறகே 'மிச்சம்' என்ற சொல்லை எழுதுங்கள். வடிச்சலோடு பசளையும் களைநாசினியும் போகும் என்பதும் உண்மை. வாவியில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை செழிப்பதற்கு அந்தப் பசளையும் ஒரு காரணம். பசளை போட்ட பிறகு சில நாள் வரம்பைக் கட்டி வைக்கச் சொல்வது சுலபமான முதல் வேலை.

கணக்கில் வராத குழிகள்

ஆற்று மணல் நீர்க்கணக்கில் எங்குமே வராது, ஆனால் நீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதியோடும் இல்லாமலும் மணல் போகிறது. அடி தாழ்ந்தால் பக்கத்துக் கிணற்று மட்டமும் தாழும், கடல்மட்டத்துக்குக் கீழே தோண்டிய இடத்தில் உப்பு உள்ளே வரும். ஆற்றங்கரையில் வைத்த மோட்டர் பம்புகளையும் எண்ணுங்கள். அப்புறம் கரையோரக் குழாய்க் கிணறுகள். மணலுக்குள் உப்பு நீரின் மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படலத்தைத்தான் அவை உறிஞ்சுகின்றன.

கூட்டத்துக்குப் போகும்போது

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம், அதாவது கன்னக் கூட்டம், 1946ம் ஆண்டின் 32ம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தில் வருவது. விதைக்கும் ஏக்கர், தண்ணீர் திறக்கும் திகதி, மூடும் திகதி எல்லாம் அங்கே முடிவாகும், முடிவுக்குச் சட்ட வலு உண்டு. அதனால் உங்கள் கணக்கு அங்கே போகாவிட்டால் அது வெறும் கடதாசிதான். சிறுபோகக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பாகவே மேலே போட்ட வரவு செலவை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கமக்காரர் அமைப்புத் தலைவர்களிடம் காட்டுங்கள். மேடையில் முதன்முதலாகக் கேட்கிற எண்ணை யாரும் ஏற்கமாட்டார்கள். மீனவர் சங்கத்துக்கு அங்கே வழக்கமாகக் கதிரை இருக்காது. அழைக்கச் சொல்லிப் பிரதேச செயலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

புதிய அணை, திசைதிருப்பல் என்று பெரிய திட்டம் வந்தால் விஷயம் வேறு. சிறு நீர்ப்பாசனம் தவிர்ந்த ஆற்றுப் படுகைத் திட்டங்கள் 1980ம் ஆண்டின் 47ம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெறவேண்டியவை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் மூன்று மொழியிலும் வரவேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேடவேண்டிய பக்கம், மாதவாரியாகக் கீழே விடும் நீரின் அட்டவணை. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே எண் மட்டும் இருந்தால் அதையே முதலாவது கேள்வியாக எழுதுங்கள்.

போகம் தொடங்கிய பிறகு

ஒரு கொப்பி போதும். வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், ஐந்து விஷயம் எழுதுங்கள்: குளத்து மட்டம், திறந்த மதகும் அளவும், பாலத்துத் தூணில் ஆற்று மட்டம், கீழே இரண்டு இடத்தில் மின்கடத்துதிறன், முகத்துவாரம் திறந்தா மூடியா. உப்பு நீங்கள் குறித்துவைத்த வளைவைத் தாண்டினால் கூடுதலாக எத்தனை கியூசெக் எத்தனை நாள் விடுவது என்பதை முன்பே பேசி வைத்திருந்தால், அன்றைக்குப் பொறியியலாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு வேலை முடியும். மீனவர் ஒருவரிடம் நாளாந்தப் பிடியையும் எழுதித் தரச் சொல்லுங்கள், கிலோக் கணக்குச் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மாரி கழிந்ததும் அவருடைய கொப்பியையும் உங்களுடையதையும் ஒரே மேசையில் விரித்து, 2,500 என்ற அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.